சாக்சபோன் பழகுவோம்: முதலில் மூச்சு, பிறகு விரல்

உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவி

சாக்சபோன் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கிரிக்கெட் மைதானம்தான். இலங்கை அணி விளையாடும்போது பார்வையாளர் பக்கத்தில் பப்பரே பாண்ட் முழங்குமல்லவா, அதிலே ட்ரம்பெட்டுக்குப் பக்கத்தில், யானைத் துதிக்கை போல வளைந்து, தங்க நிறத்தில் மினுங்கும் கருவி அது. எமது பெற்றோருக்கோ 1994இல் வெளிவந்த 'டூயட்' திரைப்படம் ஞாபகத்துக்கு வரலாம். அதில் நடிகர் பிரபு சாக்சபோன் ஊதுவதாகக் காட்டுவார்கள். ஆனால் எமது காதில் விழுவது கத்ரி கோபால்நாத் என்ற கலைஞருடைய மூச்சு. அவரைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் இந்தக் கருவியைப் பழகத் தொடங்கிப் பத்து மாதங்களாகின்றன. கட்டாரில் வேலை செய்த மாமா ஊருக்கு வரும்போது பழைய அல்டோ சாக்சபோன் ஒன்றைக் கொண்டு வந்தார். அவர் ஊதுவதற்கு நேரமில்லாமல் அது அலுமாரிக்கு மேலே கிடந்தது. பிறகு என் கைக்கு வந்தது. ஓட்டமாவடியில் ஒரு பெண் பிள்ளை சாக்சபோன் பழகுகிறாள் என்றால் கேள்விகள் வரத்தான் செய்யும். "இது கஷ்டமா?" என்று தோழிகள் கேட்கிறார்கள். "இது என்னத்துக்கு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். முதலாவது கேள்விக்கு என்னால் ஓரளவு விரிவாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதையும் தட்டிக்கழிக்க மாட்டேன்.

சாக்சபோனைப் பார்ப்பவர்கள் முதலில் அதன் விசைகளைத்தான் பார்க்கிறார்கள். இருபதுக்கு மேற்பட்ட துளைகள், அவற்றை மூடும் தோல் வைத்த மூடிகள், அவற்றை இயக்கும் கம்பிகள், நெம்புகள். 'இத்தனை விசைகளையும் பத்து விரலால் எப்படி அமர்த்துவது?' என்று மலைத்துப் போகிறார்கள். உண்மையில் விரல் வேலை இக்கருவியின் இலகுவான பகுதி. பாடசாலையில் ரெக்கோடர் ஊதிப் பழகியவர்களுக்கு அது பாதி தெரிந்ததே. கஷ்டம் இருப்பது உதட்டிலும் மூச்சிலும். இதை முன்கூட்டியே அறியாதவர்கள், "எனக்கு இசை வராது" என்று முடிவு செய்து மூன்றாம் வாரத்திலேயே பெட்டியை மூடி விடுகிறார்கள் என்று எனக்குச் சொல்லித்தரும் சேர் கூறுவார். அவர் மட்டக்களப்பில் பல ஆண்டுகள் பாண்ட் வாத்தியத்தில் ஊதி ஓய்வு பெற்றவர்.

இனி, கருவியின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். எமக்குத் தெரிந்த வாத்தியங்களில் பெரும்பாலானவற்றை யார் செய்தார் என்று எவருக்கும் தெரியாது. புல்லாங்குழலுக்கும் றபானுக்கும் பிறந்த திகதி கிடையாது. சாக்சபோனுக்கு உண்டு. 1814 நவம்பர் 6இல் பெல்ஜியத்தின் தினான் என்ற ஊரில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் என்பவரே இதை உருவாக்கினார். தகப்பனாரும் வாத்தியம் செய்பவர். அக்காலத்து இராணுவ பாண்ட்களில் ஒரு குறை இருந்தது. பித்தளைக் கருவிகள் வெட்டவெளியில் உரக்கக் கேட்டன. மரக் குழல்கள் மென்மையாகவும் வேகமாகவும் ஓடின. ஆனால் இரண்டையும் ஒருசேரச் செய்யும் கருவி இல்லை. சாக்ஸ் 1842இல் பாரிசுக்குப் போனார். 1846 ஜூன் 28இல் சாக்சபோனுக்கு உரிமம் பெற்றார். மற்ற வாத்திய உற்பத்தியாளர்கள் அவர் மீது வழக்குக்கு மேல் வழக்குப் போட்டார்கள். 1852, 1873, 1877 என்று மூன்று தடவை அவர் வங்குரோத்தானார். 1894இல் அவர் இறந்தபோது கையில் பணம் இருக்கவில்லை. அவருடைய பெயரோ இன்று உலகின் எல்லா மூலைகளிலும் கருவியோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

உடம்பு முழுக்கப் பித்தளையாக இருந்தாலும் சாக்சபோனை மரக்காற்றுக் கருவிகளின் வகையிலேயே சேர்க்கிறார்கள். காரணம், ஒலி பிறக்கும் இடம். ட்ரம்பெட்டில் ஊதுபவரின் உதடே அதிர்கிறது. சாக்சபோனில் அதிர்வது 'ரீட்' எனப்படும் மெல்லிய தண்டுச் சீவல். அது மூங்கிலைப் போன்ற ஒரு நாணல் வகையிலிருந்து வெட்டப்படுகிறது. தென் பிரான்சில் இதற்கென்றே அந்த நாணலை வளர்க்கிறார்கள். நாதஸ்வரத்தின் சீவாளியும் இப்படிப்பட்ட நாணல் தண்டிலிருந்து வருவதுதான். சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று அதிரும். சாக்சபோனில் ஒரே ஒரு ரீட், மவுத்பீஸ் என்ற வாய்ப்பகுதியின் மீது கட்டப்பட்டு அதிரும். ஆக, இவ்வளவு பெரிய பித்தளை உடம்புக்குக் குரல் கொடுப்பது ஐஸ்கிரீம் குச்சியை விடச் சிறிய ஒரு தண்டுச் சீவல்.

எம்மைப் போலப் பௌதிகவியல் படிப்பவர்களுக்கு இன்னொரு சுவையான விடயம் இதில் உண்டு. ஒரு முனை மூடிய உருளைக் குழாயில் அடிப்படை மீடிறனின் 3, 5, 7 மடங்குகளே மேற்றொனிகளாக வரும் என்று படித்திருக்கிறோம். கிளாரினெட் அப்படிப்பட்ட உருளைக் குழாய். ஆகவே அதில் மேற்சுரத்துக்குரிய விசையை அமர்த்தினால் மீடிறன் மூன்று மடங்காகி, ஒலி ஒரு ஸ்தாயியையும் தாண்டிப் போய்விடும். மேலே வேறு விரலமைப்பைப் பழக வேண்டும். சாக்சபோனும் வாய்ப்பக்கம் மூடியதுதான். ஆனால் அது உருளையல்ல, வாயிலிருந்து அடிவரை விரிந்துகொண்டே போகும் கூம்பு. கூம்பில் 2, 3, 4 என்று எல்லா மடங்குகளும் பிறக்கும். இடது பெருவிரலால் ஸ்தாயி விசையை அமர்த்தினால் மீடிறன் சரியாக இரண்டு மடங்காகி, அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். எனவே கீழே பழகிய விரலமைப்பு பெரும்பாலும் மேலேயும் செல்லுபடியாகும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த சமன்பாடு கையில் பிடித்த பொருளொன்றிலிருந்து கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாதஸ்வரமும் இப்படிக் கூம்பு வடிவக் குழல்தான். இங்கேதான் கத்ரி கோபால்நாத்தின் கதை வருகிறது. அவர் 1949இல் கர்நாடக மாநிலத்தின் மங்களூர்ப் பகுதியில் பிறந்தவர். தகப்பனார் நாதஸ்வரக் கலைஞர். மகனுக்கும் முதலில் கற்றுக்கொடுத்தது நாதஸ்வரம். மைசூர் அரண்மனை பாண்ட் குழுவில் சாக்சபோன் ஊதப்படுவதைக் கேட்ட கோபால்நாத், இனி இதுதான் என் கருவி என்று தீர்மானித்தார். மேலைநாட்டு இசைக்காக அல்ல; தான் அறிந்த கர்நாடக சங்கீதத்தையே அதில் வாசிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அது எவ்வளவு சிக்கலான ஆசை என்று விளங்க வேண்டுமானால் நாதஸ்வரத்தின் துளையைக் கவனிக்க வேண்டும். அதில் விரல் நேரடியாகத் துளையைத் தொடுகிறது. விரலை அரைவாசி தூக்கலாம், உருட்டலாம்; ஒரு சுரத்திலிருந்து மற்றதற்கு வழுக்கிக்கொண்டு போகலாம். கர்நாடக இசையின் உயிர் என்று சொல்லப்படும் கமகங்கள் அப்படித்தான் பிறக்கின்றன. சாக்சபோனிலோ விரலுக்கும் துளைக்கும் நடுவில் மூடி இருக்கிறது. மூடி ஒன்றில் திறக்கும், அல்லது மூடும். பியானோ போல சுரங்கள் தனித்தனியாக, வெட்டியெடுத்த துண்டுகளாக வரும். அந்தத் துண்டுகளை மூச்சாலும் உதட்டாலும் இணைத்துக் குழைப்பதற்கு அவருக்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள் பிடித்தன. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் பின்னர் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் அவர் கற்றார். 1994இல் லண்டன் றோயல் அல்பர்ட் மண்டபத்தில் பிபிசி நடத்தும் புகழ்பெற்ற புரொமனேட் இசை நிகழ்ச்சியில் வாசித்தார். 2004இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019 ஒக்டோபர் 11இல் காலமானார்.

விருதுகளை விட அந்த இருபது ஆண்டுகளே என்னைக் கவர்ந்தன. ஊதத் தெரிந்த வீட்டில் பிறந்து, ஊதத் தெரிந்த தகப்பனிடம் பழகிய ஒருவர் மீண்டும் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் அவரது வீட்டிலிருந்து வந்த சத்தம் எல்லாமே இனிமையாக இருந்திருக்குமா என்ன? அயலவர் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

சரி, புதிதாகத் தொடங்குபவர் என்ன செய்ய வேண்டும்? சாக்சபோனில் சொப்ரானோ, அல்டோ, டெனர், பரிடோன் என நான்கு அளவுகள் இன்று பரவலாக உள்ளன. தொடங்குபவருக்கு அல்டோதான் பொருத்தம். சொப்ரானோ சிறியது, ஆனால் சுருதி பிடிப்பது கடினம். டெனருக்கும் பரிடோனுக்கும் மூச்சும் தோளும் அதிகம் வேண்டும். அல்டோ சுமார் இரண்டரைக் கிலோ பாரம். அதைக் கழுத்துப் பட்டிதான் தாங்க வேண்டும், வலது பெருவிரல் அல்ல. பட்டியின் உயரத்தைச் சரிசெய்யும்போது மவுத்பீஸ் தானாக வாய்க்கு வர வேண்டும்; நாம் தலையைக் குனிந்து அதைத் தேடிப் போகக் கூடாது. ஸ்காஃப் அணியும் எமக்கு ஒரு சிறு குறிப்பு: பட்டியை ஸ்காஃபுக்கு மேலே போட்டால் வழுக்கும், ஊசியில் மாட்டிக்கொள்ளும். ஸ்காஃபின் கீழே, சட்டைக் கழுத்தின் மீது போட்டுவிட்டு ஸ்காஃபை மேலே விட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை.

பழைய கருவி வாங்குவதானால் ஊதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. பித்தளையின் மினுக்கம் முக்கியமல்ல. மூடிகளின் தோல் காய்ந்து வெடித்திருந்தால் காற்று கசியும். கசியும் கருவியில் தேர்ந்தவர்களே திணறுவார்கள். புதியவர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார்.

ரீட்களுக்கு இலக்கம் உண்டு. இலக்கம் கூடக் கூட ரீட் விறைப்பாக இருக்கும். ஒன்றரை அல்லது இரண்டில் தொடங்க வேண்டும். ஊதுமுன் அதை வாயில் வைத்து நன்றாக நனைத்து, தட்டையான பக்கம் மவுத்பீஸில் படும்படி, நுனியும் நுனியும் சரியாகப் பொருந்த வைத்து இறுக்க வேண்டும். ரீட்டின் நுனி சற்றே உடைந்திருந்தாலும் அதைத் தூக்கி வீச வேண்டியதுதான். வீச மனம் வராது; விலை அப்படி!

இப்போது வாய். கீழுதட்டைக் கீழ்ப்பற்களின் மீது இலேசாக மடித்து, அதில் ரீட்டை இருத்தி, மேற்பற்களை மவுத்பீஸின் மேற்பக்கத்தில் வைத்து, உதட்டின் ஓரங்களைக் காற்றுப் போகாமல் மூட வேண்டும். கடிக்கக் கூடாது. கடித்தால் ரீட் அதிராது, கீச்சென்று கத்தும். இளக்கமாக விட்டால் புஸ் என்று காற்று மட்டும் போகும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் இருக்கிறது. அதைச் சொல்லிக் காட்ட முடியாது. உதடே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எனது சேர் முதல் மாதம் முழுவதும் உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு, மவுத்பீஸையும் கழுத்துக் குழாயையும் மட்டும் தந்து ஊதச் சொன்னார். எங்கள் வீட்டு வாத்துகள் பதில் சொல்லின. (உண்மையாகவே!) அந்தச் சிறு குழாயில் ஒரே சுரத்தை ஆடாமல் பத்து வினாடி பிடிக்க முடிந்த பிறகே முழுக் கருவியைத் தொட விட்டார்.

மூச்சு நெஞ்சிலிருந்து வரக் கூடாது. தோள்கள் உயராமல், வயிறும் விலாவும் விரியும்படி இழுத்து, விடும்போது சீராக, ஒரே வேகத்தில் விட வேண்டும். நித்திரை கொள்ளும் குழந்தையின் வயிற்றைப் பார்த்தால் இது விளங்கும். ஒவ்வொரு சுரத்தையும் நாக்கின் நுனியால் ரீட்டைத் தொட்டு, 'தூ' என்று சொல்வது போலத் தொடங்க வேண்டும். நாதஸ்வரக் கலைஞர்கள் இதைத் துத்துகாரம் என்கிறார்கள். முதல் வாரங்களில் தலை சுற்றும், உதடு வலிக்கும். பதினைந்து நிமிடம் ஊதி, ஓய்ந்து, மீண்டும் ஊதினால் போதும். இழுப்பு நோயுள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

விரல்கள் இதற்குப் பின்புதான். இடது சுட்டுவிரல் மட்டும் அமர்த்தினால் மேலைநாட்டு முறையில் பீ. நடுவிரலும் சேர்ந்தால் ஏ. மோதிர விரலும் சேர்ந்தால் ஜீ. பிறகு வலது கையின் மூன்று விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக எஃப், ஈ, டீ. ஆறு விரலில் ஆறு சுரம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அல்டோவில் சீ என்று ஊதினால் பியானோவில் அது ஈ ஃபிளாட், அதாவது எமது சங்கீத ஆசிரியர்கள் சொல்லும் இரண்டரைக் கட்டை. ஆர்மோனியம் வாசிக்கும் தோழியோடு சேர்ந்து ஊதும்போது இரண்டும் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுவே, கருவி பழுதல்ல.

சத்தத்தைப் பற்றிப் பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். சாக்சபோனின் சத்தத்தை அடக்க முடியாது. அதன் அகன்ற வாயில் துணியை அடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒலியோ திறந்திருக்கும் எல்லாத் துளைகளாலும் வெளியேறுகிறது. துணி அடைத்தால் மிகத் தாழ்ந்த சுரங்கள் மாத்திரமே கெட்டுப் போகும். நான் கண்ட வழி, அலுமாரியைத் திறந்து, தொங்கும் உடுப்புகளுக்கு முன்னால் நின்று ஊதுவது. ஓரளவு சத்தத்தைத் துணிகள் உறிஞ்சிக்கொள்ளும். அஸருக்குப் பிறகு அரை மணி நேரம் என்று எங்கள் வீட்டில் ஏற்பாடு. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் அந்தத் தாயிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். நோன்பு காலத்தில் பகலில் ரீட்டை வாயில் நனைக்க முடியாது. ஆகையால் அந்த மாதம் ஊதாமல் விரல் பயிற்சி மட்டும் செய்தேன். பெருநாளுக்குப் பிறகு எடுத்தபோது உதடு பலமிழந்திருந்தது, விரல்களோ முன்பை விட வேகமாக ஓடின.

எமது ஊர்க் காற்றும் ஒரு விடயம். வாவியும் கடலும் பக்கத்தில். உப்பு ஈரம் பித்தளையில் பச்சை பூக்க வைக்கும், ஈரமான ரீட்டில் பூஞ்சணம் பிடிக்கும். ஊதி முடிந்ததும் துணியைக் கயிற்றில் கட்டி உள்ளே இழுத்து ஈரத்தை எடுக்க வேண்டும். ரீட்டைக் கழற்றித் துடைத்துக் காய விட வேண்டும். மூன்று ரீட்களை மாறி மாறிப் பாவித்தால் நீண்ட நாள் வரும்.

இனி, "இது என்னத்துக்கு?" என்ற கேள்வி. இசைக்கருவிகள் குறித்து, குறிப்பாக ஊதுகருவிகள் குறித்து, உலமாக்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. தடுப்பவர்கள் பலர், நோக்கத்தையும் சூழலையும் பார்த்து அனுமதிப்பவர்களும் இருக்கிறார்கள். அதைத் தீர்த்துவைக்கும் அறிவு எனக்கில்லை. ஒவ்வொரு வீடும் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிய வேண்டிய விடயம் அது. எங்கள் வீட்டில் இரண்டு மாதம் பேச்சு நடந்தது. வாப்பா இறுதியில் தொழுகையும் படிப்பும் தவறக் கூடாது என்றும், மேடைக்குப் போவதைப் பற்றி உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு பேசலாம் என்றும் நிபந்தனை வைத்தார். பெரிய மாமாவுக்கு இன்னும் விருப்பமில்லை. அவர் வரும் நாட்களில் நான் ஊதுவதில்லை. அது பயத்தினால் அல்ல, மரியாதையினால்.

ஆனால் "பெண் பிள்ளைக்கு மூச்சுக் காணாது" என்பார்களே, அதற்கு மட்டும் நான் பதில் சொல்வேன். நாதஸ்வரம் சாக்சபோனை விட மூச்சு கேட்கும் கருவி என்பார்கள். அந்த நாதஸ்வரத்தில் இருபதாம் நூற்றாண்டின் பெருங்கலைஞர்களில் ஒருவர் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திராவில் 1924இல் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து, 1999இல் மறைந்தவர். அவரிடம் கற்றவர்களே ஷேக் மஹபூப் சுபானியும் அவர் மனைவி காலீஷாபி மஹபூபும். கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஊதுவார்கள். 2020இல் இருவருக்கும் சேர்த்தே பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சாக்சபோனிலும் கத்ரி கோபால்நாத்தின் மாணவியான எம். எஸ். லாவண்யா சென்னையில் கச்சேரி செய்து வருகிறார். இவர்களுக்கு மூச்சு கண்டிருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தொடங்கி மூன்று மாதத்துக்கு "ஒரு பாட்டு ஊதிக் காட்டு" என்று விருந்தினர் முன் கேட்காதீர்கள். அந்த மாதங்களில் பாட்டு இருக்காது. ஒரே சுரம் நீண்டு வரும். ஆடும், உடையும், மறுபடி வரும். வாத்து, கப்பல், கதவுக் கீல் எல்லாம் கேட்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்தச் சுரம் ஆடாமல் நிற்கும் நேரம் வாரத்துக்கு வாரம் கூடுகிறதா என்பதைத்தான். எங்கள் உம்மா சமையலறையில் இருந்தபடியே மனதுக்குள் எண்ணுவார். நான் கேட்காமலேயே "இண்டைக்குப் பதினாலு" என்பார்.

நடுச்சுரங்கள் வந்துவிட்டன, மேல் ஸ்தாயியும் அரைகுறையாக வருகிறது. எல்லாத் துளைகளையும் மூடி ஊத வேண்டிய அடிச்சுரங்கள்தான் இன்னும் எனக்கு வசப்படவில்லை. முழுக் குழாயையும் ஒரே மூச்சால் நிரப்ப வேண்டும், உதடும் தொண்டையும் தளர்ந்திருக்க வேண்டும். இப்போதைக்கு அவை வயலில் கன்றைத் தேடும் பசுவின் குரலாகத்தான் வருகின்றன. சேர் இன்னும் ஆறு மாதம் என்கிறார்.